ஒற்றைப்படை எண்: அம்மாவின் பாதரசப் பெட்டியும் எங்கள் புது பி.பி. மிஷினும்

மேல்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் தானே காற்றடித்து, தானே இறக்கி, மூன்று எண்களைக் காட்டும் டிஜிட்டல் பி.பி. மிஷின் ஒன்று ஆறு வருடங்களாக எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் இந்த வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும்.

இதை எனக்கு முன்னால் சோதித்துப் பார்த்தவர் என் அம்மா. முப்பத்து நான்கு வருடம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவர். அவர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கருவியைப் பற்றி அவர் நினைத்தது எது, நான் நினைப்பது எது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்தேதான் வரும்.

வார்டில் அவரை எல்லோரும் சிஸ்டர் என்றார்கள். வீட்டில் தம்பி தங்கைகள் ஐந்து பேரும் அக்கா என்றார்கள். அவர் பயிற்சியில் இருந்தபோதே தாத்தா இறந்துவிட்டதால், ஐந்து பேரின் படிப்பும் அவர் சம்பளத்தில்தான் நடந்தது. பிறகு அந்த ஐந்து பேரின் கணவன் மனைவிகளும் அக்கா என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் கேட்டுக் கேட்டு அக்கா என்றே கூப்பிட்டார்கள். என் மகளுக்கும் அவர் பாட்டி இல்லை, அக்காதான். யாருக்கு எந்த நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். மணி அடித்த இரண்டாவது ஒலியில் எடுத்துவிடுவார், தூக்கக் கலக்கமே இல்லாத குரலில். இரவு டியூட்டி பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அவரிடம் சொந்தமாக ஒரு பாதரசக் கருவி இருந்தது. சாம்பல் நிற உலோகப் பெட்டி. மூடியைத் திறந்து நிமிர்த்தினால் உள்ளே கண்ணாடிக் குழல், பக்கத்தில் அளவுக் கோடுகள். சின்ன வயதில் அதன் முன்னால் உட்கார்ந்து, வெள்ளி நிறத்தில் அந்தத் திரவம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒன்பது வயதில் முதல்முறையாக ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார். "எதுவும் கேக்காது. திடீர்னு தட்டுன்னு ஒண்ணு கேக்கும். அப்போ பாதரசம் எங்கே நிக்குதோ அதான் மேல் எண். அப்புறம் தட்டிக்கிட்டே வந்து ஒரு இடத்துல சத்தம் அடங்கிடும். அதான் கீழ் எண்." அந்தச் சத்தத்துக்கு 1905-இல் அதை விவரித்த ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவின் பெயர் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பட்டையும் பாதரசக் குழலும் அதற்கும் முன்னால், 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கொடுத்தது. அம்மா இந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. சத்தத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அவர் காற்றடிக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் ஸ்டெதஸ்கோப் இல்லாமல், மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றடிப்பார். நாடி மறையும் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு முழுவதும் இறக்கிவிடுவார். கொஞ்சம் விட்டு மறுபடி அடிக்கும்போது அந்த இடத்துக்கு மேல் இன்னொரு முப்பது ஏற்றிவிட்டுத்தான் காதில் மாட்டுவார். நேரம் வீணாகிறதே என்று ஒருமுறை கேட்டேன். சிலருக்கு மேலே ஒருமுறை சத்தம் கேட்டு, நடுவில் அடங்கி, கீழே மறுபடி கேட்குமாம். குறைவாகக் காற்றடித்தால் அந்த நடு மௌனத்தில் போய் நின்றுவிடுவோம்; இரண்டாவதாக வரும் சத்தத்தை முதல் சத்தம் என்று நினைத்து, நூற்றெண்பது உள்ளவரை நூற்று நாற்பது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். "அது பொய் மௌனம்" என்றார். பாடப்புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. எனக்கு அம்மா வைத்த பெயர்தான் நினைவில் நிற்கிறது.

புது மிஷினை வாங்கிவந்த அன்று அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. காது கொஞ்சம் மந்தமாகிவிட்டிருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் கீழ் எண்ணின் மெல்லிய சத்தம் இப்போது சரியாகப் பிடிபடுவதில்லை என்று அவரே சொன்ன பிறகுதான் வாங்கினேன். மற்றவர்களின் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்பது அவர் கவலை. என் கையில் கட்டிப் பார்த்தோம். 137 என்று காட்டியது.

"நூத்தி முப்பத்தேழா?" என்று முகத்தைச் சுருக்கினார்.

எண் அதிகம் என்று பயந்துவிட்டார் என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. பாதரசக் கருவியில் இரண்டிரண்டாகத்தான் கோடு இருக்கும். 136 உண்டு, 138 உண்டு, 137 என்ற கோடே கிடையாது. வார்டில் மாணவிகள் எழுதிய சார்ட்டில் 135/85 என்று ஒன்றைப் பார்த்தாலே அம்மா நிறுத்திவிடுவார். ஒற்றைப்படை எண் இருந்தால், பார்க்காமலே எழுதியது என்று அர்த்தம். வரிசையாக 120/80, 130/80, 140/90 என்று எல்லாமே பூஜ்யத்தில் முடிந்திருந்தாலும் சந்தேகப்படுவார். திட்ட மாட்டார். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அதே கட்டிலுக்குப் போய், "இப்போ நாம ரெண்டு பேரும் பார்ப்போம்" என்பார். அப்படிப்பட்டவர் கண்ணெதிரே ஒரு மிஷின் கூசாமல் ஒற்றைப்படை எண்ணைக் காட்டியது.

அடுத்த பத்து நாள் அவர் செய்தது முறையான சோதனை. காலையும் மாலையும், அதே கை, அதே நாற்காலி, ஒருமுறை பாதரசம், ஒருமுறை மிஷின், மறுபடி பாதரசம். நடுவில் ஒவ்வொரு நிமிட இடைவெளி. பாதரசத்தை அவர் இறக்க, காதில் வைத்துக் கேட்டது நான். நொடிக்கு இரண்டு மூன்று அளவு மட்டுமே இறங்கும்படி அந்தச் சின்னத் திருகை விரல் நுனியில் வைத்திருப்பார். மேல் எண்ணில் வித்தியாசம் பெரும்பாலும் நான்குக்குள், சில நாள் ஆறு. கீழ் எண்ணில் அதைவிடக் குறைவு. பத்தாம் நாள், "பரவாயில்ல, நேர்மையான மிஷின்தான்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய சான்றிதழ் அது.

மிஷின் வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அது சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டைக்குள் இருக்கும் காற்றில் ரத்தக்குழாயின் அதிர்வை உணர்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிர்வின் ஏற்ற இறக்கத்திலிருந்து கம்பெனி தன் சொந்தக் கணக்கில் வருவிக்கிறது. அதனால்தான் இரண்டு கம்பெனி மிஷின்கள் ஒரே கையில் அச்சாக ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. இந்தக் கணக்கைச் சுயேச்சையாகச் சோதித்துத் தேறிய மாடல்களின் பட்டியல்கள் இருக்கின்றன. வாங்கும் முன் மாடல் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கட்டில் கட்டும் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கையை இதய மட்டத்திலிருந்து கொஞ்சம் இறக்கினாலும் ஏற்றினாலும் எண் மாறிவிடுகிறது.

இந்தக் கருவியின் பெரிய குறை அதனுடன் வரும் பட்டை. பெட்டியில் இருந்தது 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கானது. எனக்குச் சரி, அம்மாவுக்குச் சரி. கடைசி மாமாவின் கை 36. அவருக்கு இழுத்துப் பிடித்துக் கட்டினால் 158 காட்டியது. அம்மா நாடாவை எடுத்து அவர் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்துவிட்டு, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவே மறுத்துவிட்டார். பெரிய பட்டை தனியாக வாங்கிவந்து பார்த்தபோது 146. சின்னப் பட்டை போட்டால் எண் கூடுதலாகத்தான் வரும். 2023-இல் வந்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக ஏறக்குறைய இருபது கூடியது. இருபது என்பது மாத்திரை இல்லாதவரை மாத்திரைக்காரராக்கும் வித்தியாசம். மாமா அதற்கு முன் வேறோர் இடத்தில் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டிப் பார்த்து, பயந்துபோய், இரண்டு நாள் தூங்காமல் வந்திருந்தார். அந்தக் கதையைக் கேட்டபோதுதான் அம்மா உண்மையாகக் கோபப்பட்டு நான் பார்த்தேன். "ஒரு மனுஷனை ரெண்டு நாள் பயத்துல வச்சிருக்காங்க, ஒரு சட்டைக் கையை மடிச்சுவிடச் சோம்பல்பட்டு."

மிஷினோடு வரும் கையேட்டில், அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள் என்று ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் தாண்டிப் போகிற வரி. எங்கள் வீட்டில் அது அக்காவின் ஐந்து நிமிடம். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில். கால்மேல் கால் கூடாது. கை மேஜை மேல், பட்டை இதய மட்டத்தில். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய்வர வேண்டும். முக்கியமாக, பேசக் கூடாது. பேசினால் மேல் எண் பத்து வரை ஏறிவிடும். இத்தனையையும் அவர் ஒரு கட்டளையாகச் சொன்னதில்லை. தானும் எதிரில் உட்கார்ந்துகொண்டு, கையை மடியில் வைத்து, பேசாமல் இருப்பார். வந்தவரும் அடங்கிவிடுவார்.

தாத்தா விட்டுப்போன வீட்டைப் பிரிப்பதில் மாமாக்கள் இருவருக்கும் ஒருமுறை பெரிய சண்டை. அம்மா வீட்டுக்கே வந்து, நின்றபடியே கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எல்லாம் உள்ளறையில். அம்மா அலமாரியிலிருந்து சாம்பல் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். "ரெண்டு பேரும் உட்காருங்கடா. பிரஷர் பார்க்கணும்." அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம். கடிகாரச் சத்தம் மட்டும். பெரிய மாமாவுக்கு 168. ஒரு நிமிடம் விட்டு மறுபடி, 164. அம்மா எதுவும் சொல்லாமல் நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கடைசி மாமா பக்கம் திருப்பி வைத்தார். அவர் படித்தார். வெகுநேரம் படித்தார். சண்டை அன்றோடு முடிந்துவிடவில்லை; இன்னும் ஒரு வருடம் இழுத்தது. ஆனால் அதற்குப் பிறகு அண்ணனிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்தக் கடைசி மாமாவின் கைதான் 36 சென்டிமீட்டர்.

நோட்டுக்கு வருகிறேன். மிஷின் இரண்டு பேருக்குத் தலா அறுபது அளவுகளை நினைவில் வைத்துக்கொள்கிறது. சராசரியும் சொல்கிறது. நல்ல வசதிதான். வீட்டில் பார்க்கும் அளவுகளில் ஒரே ஒரு எண்ணுக்கு மதிப்பில்லை. ஏழு நாள் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி எடுப்பதுதான் முறை. வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும். மருத்துவமனையில் அந்த எல்லை 140/90, ஏனென்றால் அங்கே போனாலே பலருக்குக் கொஞ்சம் ஏறும். இந்தக் கணக்கெல்லாம் மிஷின் செய்துவிடும்.

ஆனால் அம்மாவின் நோட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பக்கங்கள். தேதி, மணி, வலதா இடதா, மேல், கீழ், நாடி. அதன் பிறகு ஒரு சிறு கட்டம். அதில் இரண்டு மூன்று சொற்கள். "தூக்கமில்லை." "மாத்திரை மறந்தாள்." "மகன் போன் பண்ணவில்லை." "படியேறி வந்தான்." சித்தியின் பக்கத்தில் ஒரு நாள் 152/94-க்கு எதிரே "அழுதிருக்கிறாள், கேட்கவில்லை" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் 134/82, எதிரே "சொன்னாள்." என்ன சொன்னார் என்று எழுதவில்லை. சித்தியிடம் நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டம் எந்த மிஷினிலும் இல்லை. வாங்குகிறவர்கள் கூடவே ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிஜமாகவே சொல்கிறேன். எந்தக் கை என்ற விவரமும் மிஷினின் நினைவில் ஏறுவதில்லை. இரண்டு கைக்கும் எப்போதும் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி. முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, அதிகம் காட்டும் கையிலேயே தொடர வேண்டும்.

அம்மாவின் கடைசி வருடத்தில் மிஷின் அடிக்கடி எரர் காட்ட ஆரம்பித்தது. பேட்டரி மாற்றினேன், பட்டை மாற்றினேன். இன்னொன்று வாங்கிவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் தன் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். "மிஷின் மேல தப்பில்ல. எனக்குத்தான் துடிப்பு ஒழுங்கா இல்ல. தாளம் தப்புது." ஈ.சி.ஜி. எடுத்ததில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது தெரிந்தது. அதிர்வை வைத்துக் கணக்குப் போடும் மிஷின் ஒரே சீரான துடிப்பை எதிர்பார்க்கிறது. துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறினால் திணறுகிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்தது மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். காதால் கேட்டுப் பார்ப்பது இன்னும் மேல். எங்கள் மிஷினில் ஒழுங்கற்ற துடிப்புக்கு ஒரு சிறு இதயக் குறி மின்னும். அது அதற்கு முன்பே பலமுறை மின்னியிருக்கிறது. நான் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் சில மாதங்கள் முன்பே தெரிந்திருக்கும். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்கள் மிஷினில் அந்தக் குறி வந்தால் அதை எண்ணைவிடப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பாதரசப் பெட்டி மறுபடி வெளியே வந்தது. இந்த முறை அவர் கை, என் காது. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தபடி நாடியைப் பிடித்து, இறக்கி, மறுபடி அடித்து, முப்பது ஏற்றி. கை மெலிந்து எலும்பும் தோலுமாக இருந்தது. மிஷின் அந்தக் கையையும் நூற்றெண்பது வரை இறுக்கும், தோல் கன்றிப்போகும். இது இந்தக் கருவிகள் மேல் எனக்குள்ள நிஜமான குறை. மிக மெலிந்தவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் இதை அடிக்கடி போடாதீர்கள். கையால் அடித்தால், தேவைப்பட்ட இடத்தில் நிறுத்திவிடலாம்.

அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு மாலை. 96/58 என்று நோட்டில் எழுதினேன். கொடு என்பது போலக் கையை நீட்டினார். கண்ணாடி போட்டுவிட்டேன். தன் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எந்தக் கைன்னு எழுதல" என்றார்.

எழுதினேன். இடது.

பாதரசப் பெட்டி இப்போது எங்களிடம் இல்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு, 2020-க்குப் பிறகு இப்படிப்பட்ட கருவிகளைச் செய்வதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் நிறுத்தப்பட வேண்டும் என்றானது. வார்டில் தர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தைத் தொட விடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு அட்டைத் துண்டுகளால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள சீசாவில் அடைத்தவர் அம்மா. கர்ப்பமாக இருந்த மாணவிகளை அறைக்குள்ளேயே விட மாட்டாராம். அந்தப் பெட்டியை நினைவுப் பொருளாக அலமாரியில் வைத்திருக்க எனக்கு ஆசைதான். வீட்டில் குழந்தைகள் ஓடுகிறார்கள். அம்மாவாக இருந்தால் வைத்திருக்க மாட்டார். அபாயகரமான மருத்துவக் கழிவைப் பிரித்தெடுக்கும் இடத்தில் கொடுத்தேன். கொடுக்கும் முன், அவர் எப்போதும் செய்வது போலப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பாதரசம் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கிய பிறகு சின்னப் பிடியை மூடினேன்.

மிஷின் மட்டும் இருக்கிறது. ஆறு வருடத்தில் ஒரு பட்டை நைந்தது, மாற்றினேன். வெல்க்ரோ பிடிப்பு தளர்ந்தாலே புதுப் பட்டை வாங்கிவிடுங்கள். பேட்டரி பலவீனமானால் பாதியில் நின்றுவிடுகிறது. அடாப்டர் இருந்தால் நல்லது. வருடம் ஒருமுறை டாக்டரிடம் எடுத்துப் போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இந்த முறையும் வித்தியாசம் நான்குதான். வீட்டில் பிரஷர் உள்ளவர் ஒருவராவது இருந்தால் வாங்கலாம். கையை அளந்துவிட்டு வாங்குங்கள்.

அம்மாவின் நோட்டு தீர்ந்து, அதே அளவில் இரண்டாவது நோட்டு போட்டிருக்கிறேன். முதல் போன் இப்போது எனக்கு வருகிறது. போன வாரம் கடைசி மாமா வந்தார். படியேறிய மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் பெரிய பட்டையை எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பேச்சை நிறுத்தினார். சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, நான் எதுவும் சொல்லாமலே, மேலே கிடந்த காலை மெல்ல எடுத்துத் தரையில் வைத்தார்.